ஷிப்ட் முடிந்த பின் – 9: கடல் தெரியும் மலைக்கு, கருங்கல் ஊரிலிருந்து

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மலைக்குப் பஞ்சமில்லை. கடல்தான் கிடையாது. ஆனாலும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த பிறகு ஓசூர் சிப்காட்டில் எந்த டீக்கடையில் நின்றாலும் யாராவது ஒருவர், ‘மச்சான், இந்தத் தடவை கொடசாத்ரி போறோம்’ என்று ஆள் சேர்த்துக்கொண்டிருப்பார். சனிக்கிழமை செகண்ட் ஷிப்ட்டை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு, பெங்களூரில் ராத்திரி பஸ் ஏறி, ஞாயிறு காலை கொல்லூரில் இறங்கி, மலை ஏறி, மேலே நின்று அரபிக் கடலைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை பஞ்ச் அடிப்பதற்குள் ஊர் திரும்ப வேண்டும். திட்டம் என்னவோ இவ்வளவுதான்.

கொடசாத்ரியின் உயரம் 1,343 மீட்டர். உச்சி சிவமொக்கா மாவட்டத்தில் இருக்கிறது. பலரும் புறப்படும் கொல்லூர் உடுப்பி மாவட்டம். கொல்லூர் மூகாம்பிகை தமிழர்களுக்குப் புதியவள் அல்ல. எம்.ஜி.ஆர். தங்க வாள் காணிக்கை கொடுத்த கோயில் என்று சொன்னால் ஓசூர் ஆட்டோ ஸ்டாண்டில் இன்றைக்கும் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மலைமேல் மூல மூகாம்பிகை கோயில் இருக்கிறது. அதற்கும் மேலே, ஆதிசங்கரர் தவம் இருந்ததாகச் சொல்லப்படும் சர்வக்ஞ பீடம்: ஒரு சிறிய கல் மண்டபம். மேலே உள்ள கோயில் வரைக்கும் ஜீப் போகும். போகும் என்றால், உடம்பில் உள்ள எலும்பு ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டு போகும். நாம் பேசுவது ஜீப்பைப் பற்றி அல்ல, காட்டு வழியாக நடந்து ஏறுவதைப் பற்றி.

நம்மூர்ப் பையன்கள் போடும் கணக்கு ஒன்று உண்டு. ஓசூரே கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலை 1,343. வித்தியாசம் நானூற்றுச் சொச்சம்தானே, இது ஒரு பெரிய விஷயமா என்பார்கள். காகிதத்தில் சரி. ஆனால் பஸ் ராத்திரியோடு ராத்திரியாக மலைத்தொடரைத் தாண்டி, கடலோரச் சமவெளியின் விளிம்புக்கு நம்மைக் கீழே இறக்கிவிட்டுவிடுகிறது. 900 மீட்டரைத் தூக்கத்தில் செலவழித்துவிட்டுக் காலையில் ஏறக்குறைய பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறோம்.

உயரத்தைக்கூடக் கால் சமாளித்துவிடும். ஓசூர்க்காரனைக் கவிழ்ப்பது காற்றில் இருக்கும் ஈரம். நம் மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் மழை ஆயிரம் மில்லிமீட்டரைத் தொடுவதில்லை. அந்தக் கடற்கரையில் சாதாரணமாக நாலாயிரம் பெய்யும். மழை நின்ற பிறகும் காடு அந்தத் தண்ணீரை மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கிறது. வியர்வை நம்மைக் குளிர்விப்பது வழிவதால் அல்ல, ஆவியாவதால். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் 580 கிலோ கலோரி அளவுக்கு வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். காற்றே நனைந்திருந்தால் அது ஆவியாகாமல் மூக்கு நுனியில் சொட்டும். தண்ணீர் போகும், உப்பு போகும், சூடு மட்டும் உள்ளேயே நிற்கும். ஓசூரின் காய்ந்த குளிர்காற்றில் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவர்கூட அங்கே முதல் ஒரு மணி நேரத்தில் முகம் சிவந்து, பேச்சுக் குறைந்து, பாறையில் உட்கார்ந்துவிடுவது இதனால்தான்.

உடம்பு இதற்கும் பழகும். வெக்கையில் தொடர்ந்து வேலை செய்தால் 10 முதல் 14 நாட்களில் வியர்வை சீக்கிரமே சுரக்க ஆரம்பிக்கிறது, அதில் உப்பு குறைகிறது, இதயத் துடிப்பு நிதானத்துக்கு வருகிறது. ராணுவத்திலும் சுரங்கத்திலும் தெரிந்த பழைய விஷயம். அப்படிப் பார்த்தால் ஓசூரில் இந்த மலைக்குப் பாதி தயாராக இருப்பவர்கள் ஜிம்முக்குப் போகிறவர்கள் அல்ல. ஃபோர்ஜிங் ஷாப்பில் உலை பக்கத்தில் நிற்கிறவர்கள். ஏ.சி. அறையில் உட்கார்ந்து நுண்ணிய பாகங்களைக் கோக்கிறவர்கள்தான் கூடுதலாக உழைக்க வேண்டும். உலைக்கூடத்து ஆட்கள் சிலரிடம் இதைச் சொன்னபோது, ‘அப்ப எங்களுக்கு லீவுதான் கெடைக்கணும்’ என்றார்கள். அதுவும் நியாயம்.

அப்படியானால் ஓசூரில் இருந்துகொண்டு எப்படிப் பழகுவது? ஓசூரில் பழக முடியாது; கீழே இறங்க வேண்டும். சூளகிரி தாண்டி மேலுமலை இறக்கத்தில் பஸ் இறங்கும்போதே ஜன்னல் காற்று மாறுவது தெரியும். கிருஷ்ணகிரி ஓசூரைவிடச் சுமார் 400 மீட்டர் தாழ்வு. அந்த நகரத்தின் தலைக்கு மேலே நிற்கும் கோட்டைமலை, சையத் பாஷா மலை என்று ஊரார் சொல்வது, நல்ல பயிற்சிக்களம். படி உண்டு, படி தேய்ந்த இடத்தில் வழுக்குப்பாறை உண்டு, நிழல் கிடையாது. இந்த மலையைக் குறைத்து எடை போட்டவர்கள் முன்பே இருந்திருக்கிறார்கள். மூன்றாம் மைசூர்ப் போரில், 1791 நவம்பரில், கர்னல் மேக்ஸ்வெல்லின் படை கீழே பேட்டையைப் பிடித்துவிட்டு, அதே வேகத்தில் மேல்கோட்டையையும் பிடிக்கப் பார்த்து, முடியாமல் திரும்பியது. மேலிருந்து யாரும் கல் உருட்டாத இந்தக் காலத்தில் நமக்கு வேலை சுலபம். ஓசூர் மலைக்கோயில் படிகளில் ஒரு வாரம் நடந்துவிட்டு, அடுத்தடுத்த ஞாயிறுகளில் இந்தக் கோட்டைமலையில் காலை ஒன்பது மணிக்கு மேல் ஏறிப் பார்க்கலாம். வெயிலுக்குப் பழகத்தானே வருகிறோம். ஆனால் தலை சுற்றினால், வியர்வை நின்று தோல் காய்ந்தால், வீம்பு பார்க்காமல் நிழலுக்கு வந்து தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும். தனியாகப் போகக் கூடாது.

அடுத்தது இராயக்கோட்டை. அதுவும் 1791-ல் மேஜர் கௌடி பிடித்த கோட்டை. இப்போது தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. ஓசூரிலிருந்து பஸ்ஸும் உண்டு, சேலம் பாதை ரயிலும் உண்டு. இங்கே நான் வற்புறுத்துவது ஏற்றத்தை அல்ல, இறக்கத்தை. ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே நம் எடையைத் தாங்குகிறது. ஒவ்வொரு படியும் ஒரு பிரேக். தசை நார்களில் நுண்ணிய சேதம் அப்போதுதான் நடக்கிறது. வலியோ அன்றைக்கு வராது, ஒன்று முதல் மூன்று நாள் கழித்து உச்சத்துக்கு வரும். ஞாயிறு கொடசாத்ரி இறங்கியவர் செவ்வாய்க்கிழமை கேன்டீன் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். லைனில் எட்டு மணி நேரம் நின்று பழகிய கால்தானே என்று நினைக்கக் கூடாது. நிற்பதற்குப் பழகிய கால் வேறு, இறங்குவதற்குப் பழகிய கால் வேறு. நல்ல செய்தி, இந்த வலிக்கு ஒரு தடுப்பூசி இருக்கிறது. பெரிய மலைக்கு ஓரிரு வாரம் முன்னால் ஒருமுறை நன்றாக இறங்கி வலி வாங்கிக்கொண்டால், அடுத்த முறை அதே தசை அந்த அளவுக்குச் சேதமாவதில்லை. எனவே இராயக்கோட்டையில் இறங்கும்போது ஓடாமல், முழங்காலை லேசாக மடக்கி, மெதுவாக, வேண்டுமென்றே மெதுவாக இறங்குங்கள். முதுகில் இரண்டு லிட்டர் தண்ணீரும் இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. கேழ்வரகு அறுவடைக் காலத்தில் பன்னார்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி வழியாக நம் பக்கம் வருவது வழக்கம். சானமாவு காட்டில் முகாமிட்டு நாட்கணக்கில் நிற்கும். நாம் பயிற்சிக்குக் கிளம்பும் பருவமும் அதுவே. விடியலுக்கு முன் பைக்கில் காட்டோரச் சாலையில் போவது, ‘குறுக்கு வழி’ என்று காப்புக்காட்டுக்குள் நுழைவது இரண்டும் வேண்டாம். அன்றைய நிலவரம் வனத்துறைக்கும், அதைவிட முன்னதாகப் பால்காரருக்கும் தெரியும்.

காலணி விஷயத்தில் ஓசூருக்கே உரிய தவறு ஒன்று இருக்கிறது. கம்பெனியில் கொடுத்த சேஃப்டி ஷூவையே மாட்டிக்கொண்டு மலைக்கு வருவது. உறுதியானது, காசு கொடுத்து வாங்கியதும் அல்ல, வேறென்ன வேண்டும் என்பது வாதம். அதன் முனையில் இருக்கும் இரும்புத் தொப்பி விரலில் ஸ்பேனர் விழாமல் காப்பதற்கு. இறக்கத்தில் பாதம் முன்னால் சரிந்து, கட்டைவிரல் அந்த இரும்பில் ஆயிரக்கணக்கான முறை இடிக்கும். சாயங்காலத்துக்குள் நகம் கறுத்துவிடும். கனமோ கேட்கவே வேண்டாம், நனைந்தால் இன்னும் கூடும். அடிப்பாகத்தில் ஆழமான பல் உள்ள, அரை அளவு பெரிய, ஏற்கெனவே நடந்து பழகிய ஷூ போதும். புதிதாக வாங்கினால் இராயக்கோட்டைக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போக வேண்டும். போவதற்கு இரண்டு நாள் முன்னால் கால் நகத்தை வெட்டிவிடுங்கள்.

நம் மாவட்டத்துப் பாறை சொல்லித்தராத பாடம் ஒன்று உண்டு: ஈரமண். இங்கே கருங்கல், காய்ந்தால் ஷூவைப் பிடித்துக்கொள்ளும். கொடசாத்ரியில் செம்மண் சேறு, பாசி, வேர், அதன்மேல் அழுகிய இலை. ஹிட்லுமனே அருவிப் பக்கமாக ஏறும் வழியில் பாறையே வழியாகிவிடும் இடங்கள் உண்டு. இதற்கு இங்கே ஒத்திகை பார்க்க முடியாது. ஒரு மூங்கில் தடியை எடுத்துக்கொண்டு போகத்தான் முடியும். அட்டைகள் வேறு. மழை முடிந்த மாதங்களில் குறையும், ஆனால் ஈரமான நிழலில் இருக்கத்தான் செய்யும். பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகி, ஒரு துணியில் உப்பை முடிந்து கையில் வைத்திருந்தால் போதும். கடித்தால் ரத்தம் சற்று நேரம் நிற்காமல் வரும்; பயப்பட ஒன்றுமில்லை.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு என்று வரிசையாக வரும். மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு. இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. அதில் எலுமிச்சை பிழிந்தால் குடிக்கவும் நன்றாக இருக்கும். சாப்பாட்டுக்குப் புளிசாதம், கடலைமிட்டாய், வாழைப்பழம். களி வேண்டாம். களியை நம்பித்தான் இந்த மண்ணே நிற்கிறது, எனக்கும் பிடிக்கும், ஆனால் அதைத் தின்றுவிட்டு ஏற்றம் ஏறக் கூடாது. பையின் அடியில் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஒரு காய்ந்த பனியன். மேலே புல்வெளிக்கு வந்ததும் கடல் காற்று அடிக்கும். இவ்வளவு நேரம் வெந்த உடம்பு நனைந்த சட்டையில் நடுங்க ஆரம்பித்துவிடும்.

அனுமதி. கொடசாத்ரி ஏறும் காடு மூகாம்பிகை வனவிலங்கு சரணாலயம். யாரும் எப்போதும் ஏறலாம் என்பதெல்லாம் போயிற்று. 2024 ஜனவரியில், குடியரசு தின விடுமுறையில், கர்நாடகத்தின் இன்னொரு மலையான குமார பர்வதத்தில் கூட்டம் நெருக்கியடித்த படங்கள் பரவின. கர்நாடக அரசு மலையேற்றங்களை நிறுத்திவைத்து, இணைய முன்பதிவு, ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற கட்டுப்பாடுகளோடுதான் திரும்பத் திறந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் 23 பேர் இறந்தபோது, காட்டுக்குள் யார் போனார்கள், எத்தனை பேர் என்ற கேள்விக்கே உடனே பதில் இல்லாமல் தவித்தோம். அதன் பிறகு நம் மாநிலத்திலும் விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளைத் திறந்தது, நம் மாவட்டத்துக் குத்திராயன் உச்சி அதில் ஒன்று. கொடசாத்ரிக்குக் கிளம்புமுன் ஒருமுறை குத்திராயன் ஏறிப் பார்ப்பது, எல்லாப் பயிற்சிக்கும் மேலான பயிற்சி. முன்பதிவு இல்லாமல் கொல்லூரில் போய் நின்று, நமக்குத்தான் கன்னடம் தெரியுமே, பேசிக்கொள்ளலாம் என்று நம்புவது ஓசூர்க்காரர்களின் பழக்கம். செக்போஸ்ட்டில் எந்த மொழியும் எடுபடாது.

கடைசியாக நேரம். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-ல் சொன்ன கணக்கு ஒன்று இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி. 10 கிலோமீட்டர் தூரமும் 1,200 மீட்டர் ஏற்றமும் என்றால் நான்கு மணி வரும். ஆனால் அவர் நடந்தது குளிர்ந்த தேசத்தில், ராத்திரி வீட்டில் தூங்கிவிட்டு. பஸ்ஸில் முதுகு வளைந்து வந்த நமக்கு, அந்தப் புழுக்கத்தில், ஆறு மணி என்று வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் உச்சிக்குப் போய்ச் சேரப் பிற்பகல் ஒரு மணி. எங்கே இருந்தாலும் சரி, கடல் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், பிற்பகல் ஒன்றரைக்குத் திரும்பிவிடுவது என்று பஸ் ஏறுமுன்பே குழுவில் பேசி முடித்துவிட வேண்டும். மேலே போய்ப் பேசினால் முடிவு எட்டாது. ‘இன்னும் பத்தே நிமிஷம்’ என்று சொல்ல அங்கே எப்போதும் ஒருவர் இருப்பார். இருட்டிவிட்டால் நடந்து இறங்காதீர்கள். மேலே உள்ள கோயிலில் ஜீப்காரர்கள் கிளம்புவதற்குள் இடம் கேட்டுக்கொள்ளுங்கள். எலும்பு எண்ணப்பட்டாலும் பரவாயில்லை.

முடிந்தால் திங்கட்கிழமைக்கும் சேர்த்து லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். சூப்பர்வைசரிடம் வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டால் ஒத்துக்கொள்வார். ஞாயிறு ராத்திரி கொல்லூர் பஸ் நிலையத்திலிருந்து போன் போட்டால் மாட்டார்.

(தொடரும்)