வீடுகள் பள்ளிவாசல்களான நாட்கள்

மனிதனின் ஈமானும் பண்பாடும் இலகுவான காலத்தில் முழுமையாக வெளிப்படுவதில்லை. சோதனை வரும்போதுதான் உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது. 2020ஆம் ஆண்டு உலகைச் சூழ்ந்த கொரோனாத் தொற்று அத்தகையதொரு சோதனையாகும். அக்காலத்தில் விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளை நாம் எவ்வாறு எதிர்கொண்டோம் என்பதை இன்று அமைதியாக இருந்து சிந்திப்பது அவசியம். அதுவே கடைசித் தொற்று என்று எவராலும் உறுதி கூற முடியாதல்லவா?

பூட்டப்பட்ட பள்ளிவாசல்கள்

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடளாவிய ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. அதற்கு முன்னரே, மார்ச் நடுப்பகுதியில், பள்ளிவாசல்களில் ஜும்ஆவையும் ஜமாஅத்தையும் நிறுத்துமாறு அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமா கேட்டுக்கொண்டது. மாத இறுதியில் களுத்துறை மாவட்டத்தின் அட்டுலுகமையும் கண்டி மாவட்டத்தின் அக்குறணையும் முற்றாக முடக்கப்பட்டன.

மக்களில் பெரும்பாலானோர் பொறுமையுடன் கட்டுப்பட்டார்கள். எனினும் வேறு குரல்களும் எழுந்தன. "அல்லாஹ்வுக்குப் பயப்படுபவன் நோய்க்குப் பயப்படலாமா?" என்று சிலர் கேட்டார்கள். "மௌத்து எழுதப்பட்ட நேரத்தில் வரும், கதவைப் பூட்டி என்ன பயன்?" என்றார்கள் வேறு சிலர். பள்ளிவாசல் மூடப்பட்டதும் மொட்டைமாடியிலும் களஞ்சிய அறையிலும் இரகசியமாகக் கூடித் தொழுதவர்களும் உண்டு. இவர்களது உள்ளத்தில் தொழுகையின் மீதிருந்த பற்றைக் குறை கூற முடியாது. ஆனால் அந்தப் பற்று சரியான அறிவின் வழியில் சென்றதா என்பதே கேள்வி.

ஸஹாபாக்கள் காட்டிய வழி

இந்தக் கேள்விக்கான விடை ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே கொடுக்கப்பட்டுவிட்டது. கலீபா உமர் (ரழி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் பயணமானார்கள். ஸர்க் எனும் இடத்தை அடைந்தபோது, அங்கு கொள்ளை நோய் பரவியிருக்கும் செய்தி கிடைத்தது. உடனே முஹாஜிர்களிடமும் அன்ஸார்களிடமும் ஆலோசனை கேட்டார்கள். கருத்துகள் இரண்டாகப் பிரிந்தன. இறுதியில் திரும்பிச் செல்வதென முடிவெடுத்தார்கள். அபூ உபைதா (ரழி) அவர்கள், அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று வினவினார்கள். அதற்கு உமர் (ரழி) அவர்கள், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனது இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்று விளக்கமளித்தார்கள். வரண்ட கரையில் ஒட்டகத்தை மேய்ப்பதும் செழித்த கரையில் மேய்ப்பதும் இரண்டுமே விதிதான் என்ற உதாரணத்தையும் கூறினார்கள். அப்போது அங்கு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்கள், கொள்ளை நோய் உள்ள ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அவ்வூரில் இருப்பவர்கள் அதைவிட்டு வெளியேறவும் வேண்டாம் என நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள்.

ஹிஜ்ரி 18இல் பரவிய அம்வாஸ் கொள்ளை நோயில் அபூ உபைதா (ரழி), முஆத் இப்னு ஜபல் (ரழி) போன்ற பெரும் ஸஹாபாக்கள் வபாத்தானார்கள். பின்னர் பொறுப்பேற்ற அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி) அவர்கள், மக்களை மலைகளுக்குப் பிரிந்து செல்லுமாறு பணித்தார்கள். இவர்களுக்கு ஈமான் குறைவாக இருந்தது என்று எவராவது கூறுவார்களா? உயிரைக் காப்பது ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களுள் ஒன்று என்பதை அவர்கள் நன்கு விளங்கியிருந்தார்கள்.

கடும் மழை பெய்த ஜும்ஆ நாளில், வீடுகளிலேயே தொழுதுகொள்ளுமாறு பாங்கிலேயே அறிவிக்கச் செய்தவர் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள். 2020 மார்ச்சில் குவைத்தின் பள்ளிவாசல்களிலிருந்து அதே அறிவிப்பு ஒலித்தபோது உலகமே கண்ணீர் வடித்தது. அது புதுமையன்று, மறந்திருந்த ஒரு வழிமுறையே மீண்டும் நினைவூட்டப்பட்டது. வழமையாக இருபது இலட்சத்துக்கும் அதிகமானோர் கூடும் ஹஜ்ஜும் அவ்வருடம் சவூதியில் வசித்த சுமார் ஆயிரம் பேருடன் நிறைவேற்றப்பட்டது.

இல்லத்தரசிகளின் பங்கு

அவ்வருடம் ஏப்ரல் 25இல் ரமழான் ஆரம்பமானது. பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சப்படவில்லை. தராவீஹ் ஜமாஅத் இல்லை. ஆண்கள் பலர் தாயை இழந்த பிள்ளைகளைப் போலத் தவித்தார்கள். ஆனால் எமது தாய்மார்களுக்கு வீட்டில் தொழுவது புதிதா என்ன? அடுப்பில் கஞ்சி கொதிக்க, தொட்டிலில் பிள்ளை அழ, அதற்கிடையில் முஸல்லாவை விரித்தவர்கள் அவர்கள். அந்த ரமழானில் வீட்டின் முன்னறையைச் சுத்தம் செய்து, ஸப்புகளுக்குப் பாய் விரித்து, பிள்ளைகளை வுழூச் செய்ய அனுப்பி, வீட்டையே பள்ளிவாசலாக்கியவர்களும் அவர்களே. தந்தை இமாமாக நின்று ஓதியதைப் பல பிள்ளைகள் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

இதன் மறுபக்கத்தையும் மறக்கலாகாது. நாட்கூலி நின்றுபோன வீடுகளில் சகருக்கு என்ன வைப்பது என்று யோசித்ததும் பெண்தான். பள்ளிவாசலுக்குப் போகாமல் இருந்தவர்களில் சிலர் கல்யாண வீட்டுக்கும் பெருநாள் கடைக்கும் போகத் தயங்கவில்லை. கட்டுப்பாடு என்பது பொலிஸாரின் பார்வைக்கு மட்டும் உரியதா, சகோதரிகளே?

மாளிகாவத்தைச் சோகம்

2020 மே 21. பெருநாளுக்கு மூன்று நாட்களே இருந்தன. கொழும்பு மாளிகாவத்தையில் ஒரு தனவந்தர் பணம் பகிர்ந்தளிக்கும் இடத்தில் ஊரடங்கையும் மீறி மக்கள் திரண்டார்கள். நெரிசலில் மிதிபட்டு மூன்று பெண்கள் உயிரிழந்தார்கள்.

அவர்கள் சட்டத்தை மீறினார்கள் என்று கூறிவிட்டுக் கடந்து செல்வது இலகு. ஆனால் அவர்களை வெளியே இழுத்து வந்தது பசியாகும். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியாமல் கொடுப்பதன் சிறப்பைக் கற்ற சமூகம், ஏழையை வீதியில் வரிசையாக நிற்க வைப்பது எந்த வகையில் நியாயம்? தேவையுடையோரின் வீட்டு வாசலுக்கே ஸகாத்தைக் கொண்டுசென்று சேர்ப்பது தொற்றுக் காலத்துக்கு மட்டுமுரிய ஒழுங்கல்ல. அது என்றைக்குமுரிய அதபு.

அநீதியான கட்டளை

எல்லாக் கட்டுப்பாடுகளும் ஒரே தரத்தவை அல்ல. தொற்றால் மரணித்தோரை அடக்கவும் முடியும், எரிக்கவும் முடியும் என உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டியிருந்தது. அவ்வாறிருந்தும் ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி எரிப்பதைக் கட்டாயமாக்கியது. டிசம்பரில், பிறந்து 20 நாட்களேயான பச்சிளம் குழந்தையும் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. எந்தத் தாயுள்ளம் அதைத் தாங்கும்?

இக்கட்டளை நோயைத் தடுக்கவும் உதவவில்லை. ஜனாஸாவை எரித்துவிடுவார்களே என்ற அச்சத்தில் சிலர் வைத்தியசாலைக்குச் செல்லவே தயங்கினார்கள். நியாயமற்ற ஒரு சட்டம், நியாயமான ஏனைய சட்டங்களின் மீதுள்ள நம்பிக்கையையும் கெடுத்துவிடுகிறது.

அப்போதும் எமது சமூகம் வன்முறையை நாடவில்லை. நீதிமன்றத்தை நாடினார்கள், டிசம்பர் முதலாம் திகதி உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தபோதும் பொறுமை இழக்கவில்லை. பொரளை மயான வேலியில் கபன் துணியை நினைவூட்டும் வெள்ளைத் துணிகள் கட்டப்பட்டன. அவற்றைக் கட்டியவர்களில் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் இந்துக்களும் இருந்தார்கள் என்பதை நன்றியுடன் நினைவுகூர வேண்டும். 2021 பெப்ரவரி 25இல் அடக்கம் செய்ய அனுமதி வழங்கப்பட்டது. மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி மண் முதல் ஜனாஸாக்களை ஏற்றுக்கொண்டது. 2024 ஜூலையில் அரசாங்கத்தின் அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அந்த மன்னிப்பு சாம்பலைக் கபுறாக மாற்றாது என்பது உண்மை. ஆயினும் எமது கோரிக்கை நியாயமானது என்பதற்கு அது சாட்சியாகும்.

எமது கடமை

உயிரைக் காக்கும் கட்டுப்பாட்டுக்குக் கட்டுப்படுவது இபாதத். மார்க்க உரிமையைப் பறிக்கும் கட்டளையைச் சட்டத்தின் வழியில், ஒழுங்குடன் எதிர்ப்பது கடமை. இவ்விரண்டையும் பிரித்தறியும் தெளிவை எமது பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்க வேண்டும். அதற்கான முதல் மத்ரஸா தாயின் மடியாகும். இன்று பள்ளிவாசல்கள் திறந்திருக்கின்றன. அன்று வீட்டில் விரித்த பாயை முற்றாகச் சுருட்டிவிடாமல், வாரத்தில் ஒரு நாளாவது குடும்பத்துடன் சேர்ந்து ஓதி, ஸுன்னத்தான தொழுகைகளால் வீட்டை உயிர்ப்பிப்போம். கபுறு இன்றி மறைந்த எமது சொந்தங்களுக்காக அந்த வேளையில் கையேந்துவோம்.

அவர்களை வல்ல அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக! அவர்களின் குடும்பத்தினருக்கு அழகிய பொறுமையை வழங்குவானாக! ஆமீன்.