பச்சை முக்கோணம் வாய்க்காலுக்குப் பொருந்தாது

சம்பா வயலில் விடியற்காலை இறங்கி நெல் தண்டைக் கூர்ந்து பாருங்கள். தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, முதுகு பிளந்த பழுப்புத் தோல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே ஒன்றும் இராது. வாரக்கணக்கில் தண்ணீருக்குள் கொசுப்புழுவைத் தின்று வளர்ந்து, பத்துத் தடவைபோலத் தோலுரித்து, இரவோடு இரவாக ஏறிவந்து தட்டானாகிப் பறந்த குஞ்சு கழற்றிப்போட்ட சட்டை அது.

சில பூச்சிமருந்துகள் கைவைப்பது இந்தச் சட்டை மாற்றத்தில்தான். டைஃப்ளூபென்சூரான் போன்றவை புதுத்தோலுக்கு வேண்டிய கைட்டினை உருவாகவிடாமல் தடுக்கும். பழைய தோல் பிளந்ததோடு பூச்சி பாதியில் சாகும். இமிடாகுளோப்ரிட் போன்ற நியோநிகோட்டினாய்டு மருந்துகள் நரம்பைத் தாக்கும். சாகடிக்காத அளவு கலந்தாலும் இரை எடுப்பது குறையும், வளர்ச்சி தள்ளிப்போகும். மேஃப்ளை என்னும் நீர்ப்பூச்சி சிறகு முளைத்தபின் வாழ்வது ஓரிரு நாள்தான். பிந்தி வெளிவந்தால் அதற்கு ஜோடி ஏது? கொசுவோ பத்துப் பன்னிரண்டு நாளில் அடுத்த தலைமுறைக்குத் தயார். தட்டானால் அந்த வேகத்தில் மீள முடியாது.

ஜப்பானின் ஷின்ஜி ஏரியில் இது மீனவர் வயிற்றிலேயே அடித்தது. சுற்றியுள்ள நெல்வயல்களில் நியோநிகோட்டினாய்டு மருந்துகள் புழக்கத்துக்கு வந்த 1993-க்குப் பிறகு ஏரியின் விலங்கு மிதவை உயிரிகள் 83 சதவீதம் சரிந்தன. அவற்றைத் தின்று வாழும், ஆண்டுக்கு 240 டன் கிடைத்த வகசாகி மீன் 22 டன்னாகிவிட்டது. 2019-ல் ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள்.

நம் உரக்கடையில் டப்பாவின் முக்கோண நிறத்தைப் பார்க்கிறோம். சிவப்பு கொடியது, பச்சை லேசானது என்று எடுத்துக்கொள்கிறோம். அந்த நிறம், மருந்து வாய்வழி போனாலோ தோலில் பட்டாலோ சோதனை விலங்குகளுக்கு எவ்வளவு நஞ்சு என்பதை வைத்துத் தரப்படுவது. குருத்துப்பூச்சிக்கு அடிக்கும் குளோரான்ட்ரனிலிப்ரோலுக்குப் பச்சை முக்கோணம்தான். ஆனால் நீர்வாழ் கணுக்காலிகளுக்கு அது கடும் நஞ்சு. இதைக் கடையிலேயே சொல்லவேண்டாமா?

டப்பாவுக்குள் துண்டறிக்கை இருக்கவேண்டும், வட்டார மொழியிலும் இருக்கவேண்டும் என்கின்றன 1971-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள். கேட்டு வாங்குங்கள், பில்லோடு. துண்டறிக்கை இல்லாவிட்டால் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுக்கலாம். அதே விதிகளில் 44-ம் விதி நம்மையும் கட்டுப்படுத்துகிறது: மிச்ச மருந்து, காலி டப்பா, டேங்க் கழுவிய தண்ணீர் எதுவும் நீர்நிலையைக் கெடுக்கக்கூடாது. வாய்க்காலில் டேங்க்கை அலசுவது நம் ஊரில் அன்றாடக் காட்சி, அது சட்டமீறல்.

மருந்து போட்ட வயலின் மடையை ஒரு வாரமாவது திறக்காதீர்கள். குருத்துப்பூச்சியால் குருத்துக் காய்ந்த தூர்கள் பத்து சதவீதத்தைத் தொடும்வரை அதற்கு மருந்தே வேண்டாம் என்பதுதான் வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. பக்கத்து வயல்காரர் அடித்தார் என்பதற்காக அடிக்காதீர்கள்.

வாய்க்காலில் மீன் செத்து மிதந்தால் அன்றே படம் எடுங்கள், நேரத்தைக் குறியுங்கள். சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் குளிர்ச்சியாக வையுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள், அரசின் புகார் எண் 1100-ல் பதியுங்கள். அசையாவிட்டால் சென்னையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. பொதுவான மனுவை ஆறு மாதத்துக்குள், நஷ்டஈடு கேட்பதை ஐந்து ஆண்டுக்குள் போடவேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர் தாமே நேரில் வாதாடலாம்.