பாவ அறிக்கை: ஓர் அருட்சாதனத்தின் வரலாறு

கத்தோலிக்கத் திருச்சபையின் அருட்சாதனங்களைப்பற்றி நம்மிடையே பேச்செழும்போது, இரண்டா, ஏழா என்னும் வினாவோடு விவாதம் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. வினா முக்கியமானதே. ஆயினும் ஏழு என்னும் எண், கிறிஸ்தவ வரலாற்றின் முதற் பதினொரு நூற்றாண்டுகளில் எங்கும் வரையறுக்கப்படவில்லை. இலத்தீன் மொழியில் 'சாக்கிரமெந்தும்' என்பது போர்வீரன் தன் தலைவனுக்கு அளிக்கும் ஆணையைக் குறித்த சொல். அதனைத் தெர்த்துல்லியன் திருமுழுக்குக்கு வழங்கினார். அகுஸ்தீனோ தூய பொருளைச் சுட்டும் அடையாளங்கள் பலவற்றிற்கும் அப்பெயரைத் தாராளமாகவே பயன்படுத்தினார். 12ஆம் நூற்றாண்டின் நடுவில் பேதுரு லொம்பார்டு தம் நூலில் ஏழினை நிரல்படுத்தினார். பள்ளிகள் அதனை ஏற்றன. 1439இல் புளோரன்ஸ் சங்கம் விளக்கியது. 1547இல் திரெந்து சங்கம், ஏழினும் கூடவோ குறையவோ இல்லை என்று அறுதியிட்டது.

இவ்வேழனுள் வரலாற்றில் மிகுதியும் உருமாறியது, நம் நாட்டுக் கத்தோலிக்கர் முன்னர்ப் பச்சாத்தாபம் என்றும் பாவசங்கீர்த்தனம் என்றும் வழங்கிவந்த சாதனமாகும். திருமுழுக்குப் பெற்றவன் கொடிய பாவத்தில் விழுந்தால் அவன் கதி என்ன? இவ்வினா ஆதித் திருச்சபையை வாட்டியது. 250இல் பேரரசன் தேசியு, யாவரும் ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெறவேண்டுமெனக் கட்டளையிட்டபோது, கார்த்தேஜில் திரளான விசுவாசிகள் பணிந்தனர். துன்பம் ஓய்ந்தபின் அவர்கள் சபைக்குத் திரும்ப விழைந்தனர். சிறையில் உறுதியாய் நின்றோர் சிலர் அவர்களுக்குப் பரிந்துரைக் கடிதங்களைத் தாராளமாய் வழங்கினர். ரோமாபுரியில் நொவாத்தியனோ, விழுந்தவனுக்குச் சபையில் இனி இடமில்லை என்றான். பேராயர் சிப்பிரியான் இவ்விரு வழியையும் மறுத்து, நீண்ட மனந்திரும்புதலுக்குப்பின் சபையே அவர்களை ஏற்கும் என்னும் நடுவழியைக் கைக்கொண்டார்.

அந்நீட்சி எத்தகையது என்பதை 325ஆம் ஆண்டின் நிசேயா சங்கம் காட்டுகிறது. கட்டாயமின்றியே விசுவாசத்தை மறுதலித்தவர்கள் மூன்றாண்டு வசனத்தைக் கேட்போர் வரிசையிலும், ஏழாண்டு பணிந்து விழுவோர் வரிசையிலும், பின்னும் ஈராண்டு திருவிருந்தின்றி ஜெபத்தில் மட்டும் பங்குகொள்வோர் வரிசையிலும் நிற்கவேண்டும் என அதன் 11ஆம் சட்டம் விதித்தது. ரோமாபுரியில் உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய வியாழனன்று அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்வது வழக்கம் என்பதை, போப்பு முதலாம் இன்னோசெந்து 416இல் எழுதிய கடிதத்தால் அறிகிறோம். இங்கு நாம் கவனிக்கவேண்டியது, அன்று பாவியைப் பேராயர் மட்டுமன்றிச் சபை முழுவதுமே தாங்கி நின்றது என்பதாகும். அவனுக்காக அழுததும் ஜெபித்ததும் சபையே.

எனினும் இவ்வாய்ப்பு வாழ்வில் ஒரே முறைதான். மீண்டும் சேர்க்கப்பட்டவர் பலவிடங்களில் மணவாழ்வும் அரசுப்பணியும் துறக்கவேண்டியிருந்தது. விளைவு எதிர்பார்க்கத்தக்கதே: மக்கள் மனந்திரும்புதலை மரணப்படுக்கைவரை ஒத்திவைத்தனர். மருந்து அத்துணைக் கடுமையாயின் நோயாளி நோயை மறைக்காமல் என்செய்வான்?

மாற்றம் வந்தது அயர்லாந்து நாட்டு மடங்களிலிருந்து. துறவி தன் ஆன்மிக வழிகாட்டியிடம் குற்றங்களைத் தனித்து உரைப்பது அங்கு வழக்கம். கொலும்பானுஸ் முதலியோர் அதனை ஐரோப்பாவிற்குக் கொணர்ந்தனர். எப்பாவத்திற்கு எத்தனை நாள் அப்பமும் தண்ணீரும் மட்டும் உண்டு உபவசிக்கவேண்டும் எனப் பட்டியலிட்ட கைநூல்களும் உடன்வந்தன. இம்முறையில் அறிக்கை இரகசியமானது. எத்தனை முறையும் செய்யத்தக்கது. 589இல் ஸ்பெயினில் கூடிய தொலேதோ சங்கம், பாவம் செய்யும்தோறும் குருவிடம் ஒப்புரவு வேண்டும் பழக்கத்தை வெறுக்கத்தக்கதெனக் கண்டித்துப் பழைய முறையை வற்புறுத்தியது. 829இல் பாரிஸ் சங்கம் அக்கைநூல்களை எரிக்க ஆணையிட்டது. ஆணைகள் தோற்றன. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம், பகுத்தறியும் பருவமெய்திய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் குருவிடம் தனியே பாவங்களை அறிக்கையிடவேண்டுமெனச் சட்டமியற்றியது. ஒரு சங்கம் கண்டித்ததை ஆறு நூற்றாண்டுகளுக்குப்பின் பிறிதொரு சங்கம் கடமையாக்கிற்று.

இம்மாற்றத்தைச் சீர்கேடென்று ஒரே சொல்லில் ஒதுக்குவது முறையன்று. எளிய மக்களுக்கு அது கதவைத் திறந்தது. ஆனால் அக்கதவின் வழியே சபை வெளியேறிவிட்டது. எஞ்சியோர் இருவரே, குருவும் பாவியும். தேவன் மன்னிப்பாராக என்னும் மன்றாட்டு, நான் உன்னை விடுவிக்கிறேன் என்னும் தீர்ப்பாக மாறியதும், தோமா அக்வினா அத்தீர்ப்பு வாய்பாட்டிற்கு ஆதரவாக வாதிட்டதும் 13ஆம் நூற்றாண்டிலேயாம்.

1517இல் லூத்தர் வெளியிட்ட கருத்துரைகள் இச்சாதனத்தைப் பற்றியே தொடங்கின. மனந்திரும்புங்கள் என்னும் ஆண்டவரின் கட்டளை விசுவாசியின் வாழ்வு முழுவதையும் தழுவுவதேயன்றிக் குருவின்முன் நிகழும் சடங்கன்று என்றார் அவர். 1520இல் அவர் எழுதிய 'திருச்சபையின் பாபிலோனியச் சிறையிருப்பு' தொடக்கத்தில் மூன்று சாதனங்களை ஏற்று, முடிவில் காணக்கூடிய அடையாளம் இல்லாமையால் மூன்றாவதை விலக்குகிறது. ஆயினும் தனி அறிக்கையை அவர் கைவிடவில்லை. 1530ஆம் ஆண்டின் அவுக்ஸ்பர்க் அறிக்கை அதனைக் காத்துக்கொள்ளச் சொல்கிறது. நம்மவர் பலர் இதனை மறந்தேபோயினர். ஆங்கிலச் சபையோ 1552இல் காலை மாலை ஆராதனையின் முகப்பில் பொது அறிக்கையை வைத்தது. சபை மீண்டும் வாய்திறந்தது, ஆனால் தன் குற்றத்தைப் பெயரிடும் கடினம் நீங்கிவிட்டது.

திரெந்து சங்கம் 1551இல், குருவிடம் இரகசியமாய் அறிக்கையிடுதல் தொடக்கமுதலே திருச்சபை கைக்கொண்ட முறை என்றது. மேற்கண்ட வரலாற்றோடு இதனைப் பொருத்துதல் அரிது. அவ்வரலாற்றை ஆய்ந்து வெளிக்கொணர்ந்தவருள் போஷ்மன், கார்ல் ரானர் ஆகிய கத்தோலிக்க அறிஞர்களே முன்னின்றனர் என்பதை நாம் நன்றியுடன் ஒப்பவேண்டும். மனந்திரும்புவோர் தேவனிடம் மன்னிப்புப் பெறுவதோடு, தாங்கள் காயப்படுத்திய திருச்சபையோடும் ஒப்புரவாகின்றனர் என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் உரைத்தது. 1973இல் வெளியான புதிய முறை தனி அறிக்கையை நிலைநிறுத்தி, அதனோடு சபை கூடிச் செய்யும் வழிபாட்டையும், இக்கட்டான வேளைகளுக்குரிய பொது மன்னிப்பையும் வகுத்தது.

இன்று தமிழ்க் கத்தோலிக்கர் இச்சாதனத்தை ஒப்புரவு என்கின்றனர். வள்ளுவர் ஊரோடு இயைந்து வாழும் கடப்பாட்டிற்கு இட்ட பெயர் அது. நம் வேதாகமத்தில் 2 கொரிந்தியர் 5ஆம் அதிகாரத்தில் பவுல் தம் ஊழியத்தைக் குறிக்கும் சொல்லும் அதுவே. பொது மன்னிப்பின் எல்லையை 2002இல் போப்பு இரண்டாம் யோவான் பவுல் இறுக்கினார். 2020 மார்ச்சில், கொள்ளைநோயின் நடுவே, மருத்துவமனை வாயிலில் நின்று அதனை வழங்க வத்திக்கான் வழிவிட்டது. அவ்வாறு மன்னிப்புப் பெற்றோரும் கொடிய பாவங்களைப் பின்னர்த் தனியே அறிக்கையிடவேண்டும் என்னும் நிபந்தனை மட்டும் மாறவில்லை.