ஷார்ட்ஸ்டாப் கணக்கில் ஏறும் அவுட்

பேஸ்பால் சிமுலேஷன் கேம்களில் பேட்டிங் எண்களை உருவாக்குவது ஓரளவு சுலபம். ஒருத்தர் எத்தனை தடவை ஆடினார், அதில் எத்தனை ஹிட் என்று தெரியும். அந்த விகிதத்தைப் பகடையில் ஏற்றிவிட்டால் வேலை முடிஞ்சுது. ஃபீல்டிங் அப்படி இல்லை. களத்தில் ஒன்பது பேர் நிக்கிறாங்க, பந்து ஒன்னுதான். யார் பேரில் எழுதுவது?

முதலில் ஸ்கோர்புக்கைப் பார்த்துடலாம். ஒவ்வொரு அவுட்டுக்கும் யாராவது ஒருத்தருக்கு ஒரு புட்அவுட் போகும். பந்தை எறிந்து உதவினவருக்கு அசிஸ்ட். கிரிக்கெட்டில் ஒருத்தர் போல்டு ஆனால் கீப்பருக்கு ஒன்னும் கிடையாது. இங்கே பிட்சர் ஸ்ட்ரைக்அவுட் எடுத்தால்கூட புட்அவுட் கேட்சர் பேரில்தான் ஏறும். ஷார்ட்ஸ்டாப் தரைப்பந்தை அள்ளி முதல் பேஸுக்கு எறிந்தால் அவருக்கு அசிஸ்ட், பேஸில் கால் வைத்துப் பிடித்தவருக்குப் புட்அவுட். முதல் பேஸ்மேனிடம் புட்அவுட் மலையாகக் குவிவது இதனால்தான். அவருடைய திறமைக்கும் அந்த மலைக்கும் சம்பந்தம் கம்மி.

ஒரு கேமை எழுதுகிறவருக்கு எளிய வழி ஒன்னு இருக்கு. முதலில் ‘அவுட்’ என்று முடிவு செய்துவிட வேண்டும். பிறகு ‘தரைப்பந்து’ என்று வகை. கடைசியில், நிஜ லீக்கில் எந்த இடத்துக்கு எவ்வளவு பங்கு வருதோ அந்த எடையில் ஒரு பெயரைக் குலுக்கி எடுக்க வேண்டும். சீசன் முடிவில் பட்டியல் பார்க்க அச்சு அசல் நிஜம் மாதிரியே இருக்கும். ஆனா ஷார்ட்ஸ்டாப் இடத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் அதே அசிஸ்ட் வரும்! இது வெறும் கணக்கெழுதும் வேலை.

1961-ல் ஹால் ரிச்மன் கொண்டுவந்த ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் அட்டை விளையாட்டு இதை வேறு மாதிரி கையாளுது. முதல் பகடை, பேட்டர் அட்டையா பிட்சர் அட்டையா என்று சொல்லும். மற்ற இரண்டின் கூட்டுத்தொகை வரியைச் சொல்லும். பெரும்பாலான வரிகளில் முடிவு அச்சிட்டே இருக்கும். பிட்சர் அட்டையின் சில வரிகளில் மட்டும் ஒரு ஃபீல்டரின் இடமும் ‘எக்ஸ்’ குறியும் இருக்கும். அப்போதுதான் அந்த ஃபீல்டரின் 1 முதல் 5 வரையிலான ரேஞ்ச் தரத்தைப் பார்க்கணும். பகடையில் அதே எண் விழுந்தாலும் 1-க்கு அவுட்டாக இருப்பது 4-க்கு ஹிட்டாகலாம். எரருக்குத் தனி எண். இந்தப் பிரிப்பு ரொம்ப முக்கியம்: பந்துக்குப் பக்கத்திலேயே போகாதவர் தப்பு செய்ய வாய்ப்பே இல்லை, அவருடைய ஃபீல்டிங் சதவீதம் அழகாக இருக்கும்.

சரி, அந்தத் தரத்தை எதிலிருந்து எடுப்பது? இங்கேதான் சிக்கல். 1980-ல் சான் டியாகோ பேட்ரெஸுக்கு ஆடிய ஓஸி ஸ்மித் 621 அசிஸ்ட் எடுத்தார், ஷார்ட்ஸ்டாப்களில் அது சாதனை. அதை அப்படியே ‘ஆட்டத்துக்கு இத்தனை’ என்று கேமில் போட முடியாது. ஒன்பது இன்னிங்ஸுக்கு அவுட் 27தான். அவர் ஒரு ஹிட்டைத் தடுத்து அவுட்டாக்கினால், அந்த இன்னிங்ஸில் இன்னொருத்தர் எடுக்க வேண்டிய அவுட் ஒன்னு குறையுது. அணியின் மொத்தம் ஏறாது, பங்குதான் மாறும். அதே ஆளை ஸ்ட்ரைக்அவுட் பிட்சர்கள் நிறைந்த அணியில் போட்டால் அசிஸ்ட் தானாகக் குறையும். அவர் மோசமாகிவிட்டார் என்று அர்த்தமில்லை. புட்அவுட்டையும் அசிஸ்ட்டையும் கூட்டி ஒன்பது இன்னிங்ஸுக்குக் கணக்கிடும், பில் ஜேம்ஸின் ரேஞ்ச் ஃபேக்டருக்கும் இதே பலவீனம் உண்டு.

அதனால் கேட்க வேண்டியது, அவர் பக்கம் எத்தனை பந்து வந்தது, அதில் எத்தனையை எடுத்தார் என்பதை. கேம் முதலில் பந்தை ஒரு பகுதிக்கு அனுப்பணும், அப்புறம் அங்கே நிற்பவரின் தரத்தைக் கேட்கணும். அசிஸ்ட் அதன் விளைவாக வந்து விழும்.

உங்களிடம் இருக்கும் கேம் எந்த ரகம் என்று பார்க்க ஒரு வழி: ஷார்ட்ஸ்டாப்பை மட்டும் மாற்றிப் பல சீசன் ஓட்டுங்க. அவருடைய அசிஸ்டைப் பார்க்காதீங்க, பிட்சர்கள் கொடுத்த ஹிட் எண்ணிக்கை மாறுதான்னு பாருங்க.