குலமுறை காணும் கல்வி

தமிழகத்தை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் ஜாம்ஷெட்பூரிலும் இரண்டு மூன்று தலைமுறைகளாக வாழ்ந்துவரும் நம்மவர் இல்லங்களில், ஏதேனும் ஒரு விண்ணப்பத்தை நிரப்பும் வேளையில், "நமக்குச் சொந்த ஊர் எது?" என்று பிள்ளைகள் வினவுவது வழக்கம். தந்தையார் ஒரு ஜில்லாவின் பெயரைச் சொல்வார். எந்தத் தாலுகா, எந்தக் கிராமம் என்று மேலும் கேட்டால், "பாட்டியைக் கேள்" என்பார். பாட்டி இருக்கும் வரையில் இந்த ஏற்பாட்டில் குறையொன்றுமில்லை. பாட்டிக்குப் பிறகு யாரைக் கேட்பது என்பதே நாம் இங்கே எடுத்துக்கொண்ட பொருள்.

மேனாடுகளில் இத்தகைய வினாக்களுக்கு விடை தேடுவதற்கென்றே குலமுறைக் கழகங்கள் உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 1845-ஆம் ஆண்டில் ஒன்று தோன்றியது. லண்டனில் 1911-ஆம் ஆண்டில் ஒன்று நிறுவப்பெற்றது. இவை போன்ற பெரிய கழகங்களேயன்றி, வட்டாரங்களில் சிறு சங்கங்களும் பல உள. அவற்றின் உறுப்பினர் பெரும்பாலும் சரித்திரப் பேராசிரியர் அல்லர். வேலையினின்று ஓய்வு பெற்றவர், பள்ளி ஆசிரியர், குடும்பப் பெண்டிர் முதலியோரே. குறித்த நாளில் கூடுவர். ஒருவர் தம் வீட்டுப் பழங்கடிதம் ஒன்றைக் கொணர்வார். அதன் எழுத்தைப் படிக்க இன்னொருவர் உதவுவார். புதியவருக்கு அங்கே முதலில் கற்பிக்கப்படுவது, அறிந்ததிலிருந்து அறியாததை நோக்கிச் செல்ல வேண்டும் என்பது. தம்மிடமிருந்து தொடங்கித் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்று படிப்படியாகப் பின்னோக்கி நடத்தல் வேண்டும். புகழ் பெற்ற முன்னோர் ஒருவரை முதலில் தேர்ந்துகொண்டு, அவரிடமிருந்து நம் வீட்டு வாசல் வரையில் பாதை போடுவது ஆராய்ச்சியாகாது. அடுத்ததாக, எழுதும் ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் அது யார் சொன்னது, எந்த ஏட்டில் கண்டது என்பதைக் குறித்தல் வேண்டும்.

இவ்விரண்டு விதிகளும் எந்நாட்டுக்கும் பொருந்தும். ஆனால் அவர்களுடைய கையேட்டை அப்படியே எடுத்துக்கொண்டு நாம் புறப்பட்டால் முதற்படியிலேயே கால் இடறும். இங்கிலாந்தில் மக்கட்கணக்கின் மூல ஏடுகள் நூறாண்டு கழிந்தபின் பொதுமக்கள் பார்வைக்கு வருகின்றன. 1921-ஆம் ஆண்டின் கணக்கு 2022-இல் வெளிவந்தது. ஒரு வீட்டில் அன்று யார் யார் இருந்தனர் என்பதை அதில் காணலாம். நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் மக்கட்கணக்குச் சட்டப்படி வீட்டுவாரி ஏடுகள் எவருடைய பார்வைக்கும் உரியன அல்ல, தொகைகளே அச்சாகின்றன. குடும்பப் பெயரைப் பற்றிக்கொண்டு பின்னோக்கிச் செல்லும் மேனாட்டு முறையும் நமக்கு உதவாது. தமிழருக்குத் தந்தை பெயர் தலையெழுத்தாக நிற்கிறது; தலைமுறைதோறும் அது மாறுகிறது.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. 1860 முதல் 1911 வரையில் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குக் கப்பலேறியவர் 1,52,184 பேர். அவர்களுள் பெரும்பாலோர் சென்னைத் துறையில் ஏறியவர். ஒவ்வொருவருக்கும் பெயர், தந்தை பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், அங்க அடையாளம் என்று ஏட்டில் பதிவு உண்டு. கொடுமை நிறைந்த ஏற்பாடு அது. ஆட்களைச் சரக்காக எண்ணியவர்கள் எழுதிய கணக்கு. எனினும் அக்கணக்கினால் இன்று டர்பனில் உள்ள ஒருவர் தம் பாட்டனாரின் கிராமத்தைக் கண்டறிய முடிகிறது. 1929-இல் ஓடத் தொடங்கிய கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறித் தில்லி வந்து சேர்ந்த தமிழரின் பெயரையோ, ஊரையோ, தந்தை பெயரையோ எந்த ஸ்டேஷனிலும் எவரும் எழுதி வைக்கவில்லை. டிக்கெட்டைக் கிழித்தார்கள்; அவ்வளவே. கப்பலேறியவர் பெயர் ஏட்டில் ஏறியது. இரயிலேறியவர் பெயர் ஏறவில்லை. ஆதலால் பிற மாநிலத் தமிழருக்குக் கிராமத்து வாழ்வையும் நகரத்து வாழ்வையும் பிணைக்கும் கணு, முதியோர் நினைவில் மட்டுமே இருக்கிறது. அது போனால் இரு புறத்திலும் காகிதங்கள் இருந்தும் அவற்றை இணைக்க வழியிராது.

எனவே முதல் வேலை முதியவரிடம் கேட்பதே. "நம் குடும்பச் சரித்திரத்தைச் சொல்லுங்கள்" என்றால், "என்ன இருக்கிறது சொல்ல?" என்று கூறி அவர்கள் ஒதுங்கிவிடுவர். கேட்கும் கேள்வி சிறிதாக இருத்தல் வேண்டும். ஊரிலிருந்து எந்த ஸ்டேஷனில் வண்டி ஏறினார்கள்? ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தவர் யார்? இந்நகரில் முதலில் யார் வீட்டில் வந்து தங்கினார்கள்? இந்த மூன்றாவது கேள்வி மிகப் பயன் தருவது. எவரும் முன்பின் அறியாத ஊருக்குத் தனியே வருவது அரிது; முன்னரே வந்திருந்த அத்தை மகனோ, ஊர்க்காரரோ ஒருவர் இருந்திருப்பார். அவருடைய சந்ததியார் இதே நகரில் இருக்கக்கூடும். நம்மிடம் இல்லாத கடிதம் அவர்களிடம் இருக்கக்கூடும்.

பெண்மக்களை முதலில் கேட்பது நலம். ஆடவர் தந்தைவழியை மட்டும் சொல்வர். யாரை எந்த ஊரில் கொடுத்தார்கள், எந்த ஊரிலிருந்து கொண்டார்கள் என்பதைப் பாட்டிமாரே அறிவர். ஏடுகளில் பெண்கள் பெயர் அருகியே காணப்படும். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகுதான் சொத்துப் பத்திரங்களில் புதல்வியர் பெயர் வாரிசுகளாக மிகுதியும் வரத் தொடங்கிற்று. அதற்கு முந்திய பாட்டிமாரின் பெயரை வாய்மொழியாகப் பெறாவிட்டால் வேறெங்கும் பெறுதல் கடினம்.

இனிக் காகிதங்களுக்கு வருவோம். பல வீடுகளில் பழைய ஜாதகக் கட்டு ஒன்று பூஜை அலமாரியில் கிடக்கும். 'ஆனந்த வருஷம், ஆவணி மாதம்' என்று அதில் எழுதியிருந்தால், அந்த ஆனந்த 1854-ஆ, 1914-ஆ, 1974-ஆ என்ற ஐயம் எழும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அப்பெயர் திரும்பி வருவதன்றோ? குருவையும் சனியையும் பார்த்துத் தெளியலாம் எனின், அவ்விரண்டும் அறுபது ஆண்டில் ஏறத்தாழப் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். காட்டிக்கொடுப்பன இராகு கேதுக்களே. பதினெட்டரை ஆண்டுக்கு மேல் சிறிது காலத்தில் ஒரு சுற்று முடிப்பதால், அறுபது ஆண்டு கழிந்து பார்க்கையில் அவை ஏறக்குறைய மூன்று இராசி தள்ளியிருக்கும். கட்டத்தில் இராகு நிற்கும் வீட்டையும், பிறந்த கிழமையையும் திதியையும் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் ஆண்டு முடிவாகிவிடும். ஜோதிடத்தில் நம்பிக்கை இல்லாதவரும் இந்த உபயோகத்தை மறுக்க வேண்டுவதில்லை. எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல நூற்றாண்டுகளுக்குரிய நாட்கணக்கை அச்சிட்டுத் தந்தது இத்தகைய வேலைக்கு இன்றும் கைகொடுக்கிறது.

நிலவரி ரசீதுகளில் பசலி ஆண்டு காணப்படும். ஜூலை முதல் நாள் தொடங்கும் அந்த ஆண்டுடன் 590-ஐக் கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1340 என்றால் 1930 ஜூலை முதல் 1931 ஜூன் வரை. நெல்லை, குமரிப் பகுதிக் குடும்பங்கள் கொல்லம் ஆண்டையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நிலம் விற்றோ பாகம் பிரித்தோ ஊரை விட்டு வந்த குடும்பமாயின், பத்திரப் பதிவு அலுவலகம் பெரும் புதையலாகும். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்துப் பத்திரங்களின் நகல் முதற்புத்தகம் என்னும் ஏட்டில் இருக்கும். கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கலாம், நகல் பெறலாம். பழங்காலத்துக் கிரயப் பத்திரத்தில் இன்ன தாலுகா இன்ன கிராமத்தில் இருக்கும் இன்னார் குமாரர் இன்னார் என்று தெளிவாக எழுதுவர். புதியவர்கள் பெரும்பாலும் இப்பகுதியைப் படித்துவிட்டு, நான்கெல்லை சொல்லும் பகுதியைத் தாண்டிச் செல்வர். அது தவறு. பாகம் பிரிந்த நிலங்கள் அடுத்தடுத்துக் கிடப்பதால், "இன்னார் நிலத்துக்கு மேற்கு" என்று குறிக்கப்படும் அண்டை நிலக்காரர் பல வேளைகளில் பங்காளியாகவே இருப்பார். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தாலோ, ஒரு குடும்பத்தின் கிளைகள் அனைத்தும் ஒரே ஏட்டில் கிடைத்தாற்போலாகும்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. பேரன் என்ற சொல் பெயரன் என்பதிலிருந்து வந்தது. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். சுப்பிரமணியன் மகன் வைத்தியநாதன், வைத்தியநாதன் மகன் சுப்பிரமணியன் என்று பெயர்கள் மாறி மாறி வரும். முப்பது ஆண்டு இடைவெளியில் கிடைத்த இரு பத்திரங்களில் உள்ள ஒரே பெயரை ஒரே ஆள் என்று கொண்டால் இரண்டு தலைமுறை மறைந்துபோகும். தந்தை பெயரையும் ஆண்டையும் சேர்த்துப் பார்த்தாலன்றி எதையும் உறுதி செய்தல் கூடாது.

இவ்வளவும் நிலமுடையார் வழி. நிலமே இல்லாது வந்தவர் நம்மில் ஏராளம். வடார்க்காட்டுப் பகுதியிலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சென்ற சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களை நினைத்துப் பார்க்கலாம். அச்சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. இவர்களுக்கு எந்தப் பதிவு அலுவலகத்திலும் பத்திரம் இராது. கிறிஸ்தவராயின் மாதா கோயிலின் ஞானஸ்நான ஏடும் திருமண ஏடும் உண்டு. மற்றவர்க்கு வேலைக்குச் சேர்ந்த நாளில் எழுதிய காகிதம், சேமநிதிக்கு வாரிசு குறித்த தாள், பள்ளி மாற்றுச் சான்றிதழ், கல்லறைக் கல் முதலியனவே சான்று. இரயில்வேயிலும் பிற அரசாங்க இலாக்காக்களிலும் உழைத்தோரின் பணிப் பதிவேட்டில் தந்தை பெயரும் பிறந்த தேதியும் காணலாம். நிலக் காகிதத்தைவிட இவை விரைவில் குப்பைக்குப் போகின்றன. ஆதலால் வீடு மாற்றும்போதும் பெரியவர் மறைந்த பின்னரும் பழைய பெட்டியை எவரும் பாராமல் எறிதல் ஆகாது.

கோயிலும் ஓர் ஆவணக்களரியே. தென் ஜில்லாக்களில் ஊர்க்கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி தண்டும் நோட்டுப் புத்தகங்களில் குடும்பத் தலைவர் பெயர்கள் வரிசையாக இருக்கும். நகரத்தார் தங்கள் ஒன்பது கோயில்களில் திருமணங்களைப் பதிந்து, குடும்பங்களைப் புள்ளி என்று எண்ணிவரும் முறையை நேயர்கள் கேள்வியுற்றிருக்கலாம். குலதெய்வம் நம் ஊரில் இல்லாமல் நாற்பது மைல் தள்ளி வேறோர் ஊரில் இருந்தால், முன்னோர் அங்கிருந்து பெயர்ந்தவராக இருக்கலாம் என்று கொண்டு தேடத் தொடங்கலாம். அதுவே முடிவு என்று எழுதிவிடலாகாது. ஹரித்துவாரத்தில் பிதிர்க் கடன் செய்வித்த குடும்பமாயின், அங்குள்ள பண்டாக்கள் பூர்விக ஊர் வாரியாக வைத்துள்ள பஹி என்னும் நீண்ட ஏடுகளையும் கேட்டுப் பார்க்கலாம். முன்பு வந்தவர் கையெழுத்து அதில் இருத்தல் கூடும்.

இவற்றையெல்லாம் ஒருவர் தனித்திருந்து கற்பது அரிது. நம் நகரங்களில் தமிழ்ச் சங்கங்கள் நெடுநாளாகவே இருக்கின்றன. தில்லித் தமிழ்ச் சங்கம் 1946-இலும், பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1950-இலும் தோன்றியவை. எந்தச் சங்கத்திலும் பத்துக் குடும்பத்தார் சேர்ந்தால் ஒரு குலமுறை வட்டம் தொடங்கிவிடலாம். மாதம் ஒரு ஞாயிறு போதும். வீட்டுக்கு ஒரு காகிதம் கொண்டுவந்தால் போதும். தமிழ் எண்களைப் படிக்கத் தெரிந்த முதியவர் ஒருவர் இருப்பார். தஞ்சைத் தாலுகாக்கள் எவ்வாறு பிரிந்தன என்று அறிந்த தாசில் அலுவலர் ஒருவர் இருப்பார். சென்னை எழும்பூரில் 1909-ஆம் ஆண்டு முதல் நிற்கும் ஆவணக் காப்பகக் கட்டடத்தில் உட்கார்ந்து படித்த மாணவி ஒருத்தி இருப்பாள். பதிவு அலுவலகக் கட்டணத்தையும் ஊர்ப் பயணத்தையும்கூடப் பங்கிட்டுக்கொள்ளலாம். திருச்சிக்குச் செல்பவர் மூன்று குடும்பங்களின் வேலையை முடித்து வரலாம்.

ஆனால் அவ்வட்டம் ஜாதிப் பெருமை பேசும் அவையாக மாறுமாயின் அதனைக் கலைத்துவிடுவதே மேல். அரச மரபில் வந்தோம் என்று சொல்லும் அச்சிட்ட வம்சாவளிகளை நாம் பல கண்டிருக்கிறோம். சான்று கேட்டால் இன்னொரு அச்சிட்ட வம்சாவளியைக் காட்டுவர். உண்மையான ஏடுகளில் பஞ்சத்துக்கு ஊரை விட்டு ஓடினவர், சுவீகாரம் போனவர், கடனுக்கு நிலத்தை இழந்தவர், பெயரை மாற்றிக்கொண்டவர் முதலியோரே எதிர்ப்படுவர். உயிரோடிருப்பவரைப் பற்றியும், அண்மையில் மறைந்தோரின் மனவருத்தங்களைப் பற்றியும் கிடைப்பவற்றை அக்குடும்பத்தார் சம்மதமின்றி வெளியிடலாகாது.

இறுதியாக, எழுதி வைக்கும் முறை. பிற மாநிலங்களில் படிக்கும் நம் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவர், படிக்கமாட்டார். வம்சாவளியைத் தமிழில் மட்டும் எழுதினால் அவர்களுக்கு அது சித்திரமாகவே இருக்கும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதினாலோ, பழனியா பாளனியா, கந்தனா காந்தனா என்று ஐயம் பிறக்கும்; ஊர்ப்பெயர்கள் இன்னும் குழப்பும். ஒவ்வொரு பெயரையும் தமிழிலும், பிள்ளைகள் பள்ளியில் கற்கும் எழுத்திலும் அருகருகே எழுதுக. தமிழ்நாட்டில் ஊர்ப்பெயரும் தந்தை பெயருமாக இருந்த தலையெழுத்துக்கள் வட மாநில அலுவலகங்களில் குடும்பப் பெயராக விரிக்கப்பட்டபோது, உடன்பிறந்த இருவருக்கு இரு வேறு குடும்பப் பெயர்கள் அமைந்துவிட்டதுண்டு. எது யாருக்கு எந்த ஆண்டில் வந்தது என்பதையும் பக்கத்தில் குறிக்க வேண்டும். ஒரு பிரதி வீட்டில் இருக்க, இன்னொரு பிரதியைச் சங்க நூலகத்திலும், மூன்றாவதை ஊரில் இருக்கும் பங்காளி ஒருவரிடத்தும் கொடுத்து வைக்கலாம். அவரிடம் கொடுக்கும் தாளில் அவர் கிளைக்குரிய இடத்தைக் காலியாக விட்டுக் கொடுத்தால், அடுத்த முறை செல்லும்போது அவர் அதை நிரப்பித் திருப்பித் தருவார்.