பிளஸ் டூ முதல் வேலை வரை: மேற்குப் புறநகர் மாணவர்களுக்கான கல்வி உதவிகள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளில் அரசுப் பள்ளிப் படிப்பை முடிக்கும் மாணவர், கல்லூரியில் சேர்ந்து வேலைக்குச் செல்லும் வரை பெறக்கூடிய அரசு உதவி ஒரே திட்டத்தில் அடங்குவதன்று. கட்டணத்தை ஏற்பது, மாதந்தோறும் பணம் தருவது, வேலைக்கான திறனை வளர்ப்பது என மூன்று வகையான திட்டங்கள் தனித்தனித் தகுதி வரையறைகளோடு இயங்குவதால், பிளஸ் டூ தேர்வு முடிவுக்கும் கலந்தாய்வுக்கும் இடைப்பட்ட வாரங்களில் குடும்பம் எடுக்கும் முடிவு, பிந்தைய ஆண்டுகளின் செலவைப் பெருமளவு தீர்மானித்துவிடுகிறது.

கட்டண உதவிகளில் முதன்மையானது 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020இல் மருத்துவப் படிப்பிலும், 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளிலும் இது நடைமுறைக்கு வந்தது. இவ்வொதுக்கீட்டில் பொறியியல் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. இதில் இடம் கிடைக்காதவர்களுக்கு, குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்போருக்கான முதல் தலைமுறைப் பட்டதாரிக் கட்டணச் சலுகை உண்டு. இவ்விரண்டும் அரசின் கலந்தாய்வு வழியே சேர்வோருக்கு உரியவை என்பதால், நிர்வாக ஒதுக்கீட்டிலோ நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலோ முன்கூட்டியே பணம் கட்டி இடத்தை உறுதிசெய்யும் குடும்பம் இச்சலுகைகளை இழக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு, பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாதிருப்பின், மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்து வழங்கும் கல்வி உதவித்தொகையும் கிடைக்கிறது.

பேருந்து, புத்தகம், மதிய உணவு போன்ற அன்றாடச் செலவுகளுக்கு உதவுவது இரண்டாம் வகை. திருமண உதவித் திட்டமாக 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டம் உயர்கல்வி உதவியாக மாற்றப்பட்டு, 2022 செப்டம்பர் 5 அன்று ‘புதுமைப் பெண்’ என்னும் பெயரில் தொடங்கப்பட்டது. ஆண் மாணவர்களுக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில் தொடங்கியது. இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய் நேரடியாக மாணவரின் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. பட்டப்படிப்பு, பட்டயப் படிப்பு, ஐ.டி.ஐ. ஆகிய மூன்றுக்கும் இது பொருந்தும். வேறு உதவித்தொகை பெறுவது தடையாகாது.

மூன்றாம் வகையான ‘நான் முதல்வன்’ 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்டது. இதன்கீழ், தொழில் நிறுவனங்கள் வடிவமைக்கும் திறன் பயிற்சிகள் கல்லூரிப் பாடத்திட்டத்துடன் இணைக்கப்படுகின்றன. இப்பகுதியில் இதன் தேவை வெளிப்படை. 1969இல் தொடங்கப்பட்ட பட்டாபிராம் இந்துக் கல்லூரியின் பெயரில் புறநகர் ரயில் நிலையமே உள்ளது. அதே பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. கல்லூரிக்கும் வேலையிடத்துக்கும் தொலைவு குறைந்துள்ள போதிலும், பட்டத்துடன் கணினித் திறனும் தொடர்புத் திறனும் இல்லாதவருக்கு அங்கே நுழைவது எளிதன்று. ஐ.டி.ஐ. முடித்தோருக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் அருகில் உள்ளன. 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொழிற்சாலையிலேயே ஊக்கத்தொகையுடன் வேலை கற்கும் தொழிற்பழகுநர் பயிற்சி அவர்களுக்கு ஏற்ற வழியாகும்.

உதவிகள் இத்தனை இருந்தும், தகுதியுள்ள மாணவர் தவறிப்போவது பெரும்பாலும் ஆவணத்தினால்தான். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை வருவாய்த் துறையே வழங்குகிறது. 2018இல் அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டத்துடன் இணைக்கப்பட்டதாலும், ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே தொடர்வதாலும், அடுத்தடுத்த தெருவில் வசிப்போர்கூட வெவ்வேறு வட்டாட்சியர் அலுவலகத்தின்கீழ் வரலாம். ஆகவே, பிளஸ் டூ மாணவர்களின் பெற்றோர் தேர்வு முடிவுக்காகக் காத்திராமல் இச்சான்றுகளுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து, ஆதார் இணைந்த வங்கிக் கணக்கைத் தொடங்கி, கலந்தாய்வு முடியும்வரை எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்டாதிருப்பது நல்லது.