கொம்பு வைத்த பூதம்

திருநகரில் எங்கள் வீட்டில் அன்று வெள்ளிக்கிழமை. விளக்கேற்றிவிட்டு மகனின் அறையை எட்டிப் பார்த்தால், மேஜை மேல் கொம்பு வைத்த பூதம்! "ஏண்டா, வெள்ளிக்கிழமை அதுவுமா இதையா வரையுறே?" என்று பிடுங்கினேன். தாள் கிழிந்துவிட்டது. "மூணு நாள் வேலைம்மா" என்றான். ராத்திரி சாப்பிட வரவில்லை.

கல்லூரியில் படிக்கிறான். வீடியோ கேமில் வரும் டிராகன், மாயவீரர்களை மைப் பேனாவால் வரைவது பொழுதுபோக்கு. அக்டோபர் வந்தால் 31 நாளும் தினம் ஒரு படம். ஜேக் பார்க்கர் என்ற அமெரிக்க ஓவியர் 2009-ல் தொடங்கிவைத்த பழக்கமாம்.

கிழிந்த தாளை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். நிழலென்று நினைத்ததெல்லாம் குறுக்கும் நெடுக்குமான மெல்லிய கோடுகள்! ஒன்று பிசகினாலும் பென்சில் மாதிரி அழிக்க முடியாது.

அப்போதுதான் பரண் மேலிருந்த என் 'அம்புலிமாமா' கட்டு நினைவுக்கு வந்தது. கையில் வாள், தோளில் வேதாளத்தோடு விக்கிரமன். அந்தப் படத்தைப் பார்க்கத்தானே அப்பாவிடம் அடம்பிடிப்பேன்! வரைந்தவர் சங்கர் என்கிற கே.சி. சிவசங்கரன். 2020-ல் 96 வயதில் காலமானார். மறு வருஷம் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அவர் வேதாளம் மட்டும் நம் வீட்டில் இருக்கலாமாக்கும்!

காலையில் தாளைப் பின்பக்கமாக ஒட்டிக் கொடுத்தேன். கிழிசல் தெரியத்தான் செய்தது. "வேற வரைஞ்சுக்கறேன். அந்தப் புத்தகத்தைக் கொடும்மா" என்றான்.

கொடுத்திருக்கிறேன், கசங்காமல் திருப்பித் தரவேண்டும் என்று சொல்லி.